நாற்பத்தொன்றாம் முழங்கால்

திங்கட்கிழமை. ஓடென்ஸே நகரில் ஆலங்கட்டி மழை.
அறுவை அரங்கிலிருந்து, பனிக்கட்டிக்கு நடுவே,
ஒரு முழங்காலின் மிச்சம் வந்திருக்கிறது.
பெயர் இல்லை. சீட்டில் இவ்வளவுதான்:
எண் நாற்பத்தொன்று, ஆண், அறுபத்திரண்டு,
தொழில் தரை ஓடு பதித்தல்.

கத்தியை வைத்தேன்.
ஓரத்தில் இன்னும் கொஞ்சம், இளநீர் வழுக்கைபோல.
நடுவில் ஒன்றுமில்லை. எலும்பு பளபளக்கிறது,
ஆள் நடந்து நடந்து மெருகேறிய படிக்கட்டாக.

இதற்கு நரம்பு கிடையாது, ரத்தம் கிடையாது.
தேயும்போது ஒரு வார்த்தை சொல்லாது.
முழுக்கத் தேய்ந்த பிறகு
பக்கத்து வீட்டு எலும்புதான் கத்தும்.
குருத்து என்று பெயர் வைத்திருக்கிறோம்,
மறுபடி துளிர்க்காத ஒன்றுக்கு.

மிளகளவு துண்டுகளாக்கிக் குழித்தட்டில் இட்டேன்.
முதல் வரிசைக்கு வெறும் ஊட்டநீர்.
இரண்டாவதற்கு, அழற்சியை மூட்டிவிடும் புரதம்.
மூன்றாவதற்கு அதே புரதமும்
யெப்பே கடற்கரையில் பறித்துவந்த
காட்டுரோஜாக் காயின் சாறும்.

இதழ் உதிர்ந்தபின் ரோஜாவை யார் பார்க்கிறார்கள்?
மணல்மேட்டில் அது பாட்டுக்குச் சிவந்து நிற்கும்.
பள்ளிக்கூடத்தில் அதன் உள்மயிரைச் சுரண்டி
அடுத்தவன் சட்டைக்குள் போடுவோம், அரிப்பில் குதிப்பான்.
யெப்பே என் கழுத்தருகே கையைக் கொண்டுவந்தான்.
"உனக்கு நாற்பது வயதாகிறது" என்றேன்.

முப்பத்தேழு டிகிரிச் சூட்டில் பதினான்கு நாள்.
அவர் உலோக மூட்டோடு
கம்பியைப் பிடித்து நடை பழகிய அதே நாட்களில்
அவருடைய இருபத்துநான்கு மிளகுகள்
இங்கே உண்டு, கழித்து, உயிரோடு இருந்தன.
கையெழுத்துப் போட்டதையே மறந்திருப்பார்.

பிறகு சாயம்.
குருத்து கரைந்திருந்தால் நீலம் ஊதாவாகும்.
முதல் வரிசை நீலம்.
இரண்டாவது, நாவற்பழம் தின்ற நாக்கு.
மூன்றாவதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன்.
நீலமும் இல்லை, நாவலும் இல்லை.
கருவி சொன்னது: இழப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவு.
முப்பத்தெட்டாம் எண்ணில் இப்படி ஆகவில்லை.
முப்பத்தொன்பதில் ஆனது.
நாற்பது பூசணம் பிடித்து வீண்.

"காக்கிறது" என்று அறிக்கையில் எழுதினேன்.
வீபெக்கே வந்து, நின்றபடியே,
"கிறது"வை அடித்துக் "கலாம்" போட்டாள்.
தட்டில் கிடப்பது துண்டு, துண்டு நடப்பதில்லை.
சாறு வயிற்றைத் தாண்டி, ஈரலைத் தாண்டி
முட்டிவரை போய்ச்சேருமா, யார் கண்டது?
அவள் அடித்தது சரி. எனக்குத்தான் கோபம்.

ஆறு மணி. எல்லோரும் போய்விட்டார்கள்.
புட்டி மூடி ஒன்று கைதவறி உருண்டது.
எடுக்க மண்டியிட்டேன்.
சாம்பல் ஓடுகள், சுவர் தொட்டுச் சுவர்வரை,
கோடு பிசகாமல்.
குளிர்பெட்டிக்கு அடியில், யாரும் பார்க்காத இடத்திலும்.
வடிகாலை நோக்கி மயிரிழைச் சரிவு.
கட்டடத்துக்கு இருபத்தாறு வயது.
இந்த ஊரில் அன்று ஓடு பதித்தவர்கள்
எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

அவராக இருக்கலாம்.

அதே மூன்றெழுத்து.
இந்த முறை அதன்மேல் எனக்குக் கோபமில்லை.
உள்ளங்கையை ஓட்டின்மேல் வைத்தேன். குளிர்ந்தது.

எழுந்து விளக்கை அணைத்த பிறகுதான் தெரிந்தது,
மூடி இன்னும் தரையில்.
மறுபடி மண்டியிட்டேன்.