கொப்பளிக்க மட்டும்

லாசர் அண்ணன் புதன்கிழமைதான் வருவார்.
செவ்வாய், ரத்தம் கழுவும் நாள்.
கழுவிய அன்றே ஈறைத் தொட்டால்
உறையாமல் ஒழுகும்.
ஒரு ராத்திரி போகவேண்டும்,
அந்த மருந்து உடம்பைவிட்டு இறங்க.

அவர் அட்டையின் தலைமாட்டில் சிவப்பு மையில்
நான் எழுதி வைத்தது:
இடது கையில் பிரஷர் பார்க்காதே.
அந்தக் கைக்குள் ஒரு வண்டு இருக்கிறது.
தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்த இடம்,
விரல் வைத்தால் ஙொய்யென்று இரையும்.
"மோட்டார் ஓடுதும்மா,
வண்டிதான் ஷெட்டுல" என்பார்.

பெரம்பூர் பாலம் இறங்கியதும்
பழைய இரும்புக்கடைக்கு மேலே எங்கள் கிளினிக்.
பதினேழு படி.
எட்டாவதில் அவர் நிற்பது
கீழே வெட்டும் மிஷின் ஓயும் இடைவெளியில்
மூச்சாகக் கேட்கும்.

வாயைத் திறந்தால்
ஈரக் கையில் பிடித்த சில்லறையின் வாடை.
அதற்கடியில் லேசாக மூத்திர நெடி.
புதிதாய்ச் சேர்ந்த ஷகிலா
முகக்கவசத்தை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டாள்.
அவர் பார்த்துவிட்டார்.
"துலக்குறேன் பாப்பா,
ரெண்டு வேளையும் துலக்குறேன்."

துலக்குகிறார். எனக்குத் தெரியும்.
பல்லிடுக்கில் பொய் சொல்ல முடியாது.
இது பல்லின் வாடையே இல்லை.
சிறுநீரகம் தூக்கவேண்டிய மூட்டையை
எச்சில் தூக்கிக்கொண்டு நிற்கிறது.
இதை ஷகிலாவிடம் பிறகு சொல்லவேண்டும்,
அவர் படியிறங்கிய பிறகு.

தண்ணீர் பீச்சும் மிஷினை அவருக்கு எடுப்பதில்லை.
கையால்தான்.
கீழ் முன்பற்களுக்குப் பின்னால் காறை,
போர்த்தண்ணி ஓடும் குழாய்முனையில் படியுமே
அதே வெள்ளை, அதே பிடிவாதம்.
சுரண்டிச் சுரண்டி எடுக்கிறேன்.
தட்டில் விழும் ஒவ்வொரு துண்டையும்
கண்ணை மூடி அவர் எண்ணுகிறார் போல.

மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில்
முன்னூற்றுச் சொச்சத்தில் நிற்கிறார்.
எப்போது கூப்பிட்டாலும் கையில் ஒரு தாள் வேண்டும்:
சொத்தை இல்லை, சீழ் இல்லை, ஈறு சரி.
உடம்பின் காவல்காரனைத் தூங்கவைத்துவிட்டுத்தான்
அடுத்தவர் உறுப்பை உள்ளே வைப்பார்கள்.
அந்நேரம் கடைவாய்ப் பல்லின் மூலையில்
ஒளிந்திருக்கும் ஒரு பொட்டுச் சீழ்
போதும்.
ஆறு மாதத்துக்கு ஒரு தாள்.
இது ஏழாவது.

நாற்காலியை நிமிர்த்தி கிளாஸை நீட்டினேன்.
"கொப்பளிச்சுத் துப்புங்க அண்ணே."

இருபது வருஷம் தண்ணி லாரி ஓட்டியவர்.
"பன்னெண்டாயிரம் லிட்டர்மா.
ஓட்டேரி, புளியந்தோப்பு, எல்லாச் சந்துலயும் ஊத்துனேன்.
இப்ப ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி.
சாம்பார்ல இருக்கறதும் சேத்து."

வாங்கினார்.
இடக் கன்னம் உப்பியது, வலக் கன்னம் உப்பியது.
பிறகு அசைவு நின்றது.
வெறுமனே வைத்திருந்தார்.
ஜன்னலுக்கு வெளியே மே மாதம்
தகரக் கூரைமேல் படுத்திருந்தது.
தொண்டைக்குழி ஒருமுறை மேலேறி
இறங்கியது.

நான் தட்டைத் துடைக்கத் திரும்பிக்கொண்டேன்.
துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

துப்பும் சத்தம் வந்தது, சின்னதாக.
"இன்னொரு வாட்டி கொப்பளிக்கட்டுமா?"

வாயில் கழுவ ஒன்றும் மிச்சமில்லை.
"கொப்பளிங்க" என்றேன்.

இம்முறை ஷகிலா போனாள்.
மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜைத் திறந்து
தன் பாட்டிலிலிருந்து ஊற்றினாள்,
கிளாஸின் அடிவட்டம் மறையும் அளவுக்கு மட்டும்.
வெளிப்புறம் வியர்த்த கிளாஸை
அவர் முதலில் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

பிறகு வாயில் வாங்கி,
நெடுநேரம் வைத்திருந்து,
துப்பினார்.
முழுசாக,
தொட்டி அதிரும்படி,
எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கட்டுமென்று.