பக்கத்துக்கு எண்பது ரூபாய்

மேலூர் கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் என் ஆபீஸ்.
மே மாத விடுமுறை. கட்சிக்காரர் யாரும் வருவதில்லை.
பக்கத்துக்கு எண்பது என்று பேசி
ஓர் அமெரிக்க வக்கீலைத் தமிழுக்குக் கொண்டுவருகிறேன்.

ஜோசையா பெல்ட்டன். ஒகையோ ஆற்றங்கரை ஊர்.
தகப்பனார் தோல் பதனிடுகிறவர்.
இருபத்து மூன்று வயதில் சன்னது.
சட்டசபைக்கு மூன்று தடவை, செனட்டுக்கு ஒரு தடவை.
கடைசியில் வலது கை விழுந்துபோய்
இடது கையால் கையெழுத்துப் பழகி,
அது நன்றாக வந்த வருஷம் இறந்துபோனார்.

அவர் வம்சத்துப் பெண்ணொருத்தி
நாகமலைப் புதுக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்.
தன் குலம் இன்னதென்று
மாமியாருக்குப் படிக்கக் கொடுக்க வேண்டுமாம்.

விக் கட்சியில் சேர்ந்தார் என்று எழுதினேன்.
மாமியார் சவுரிமுடி என்று நினைத்துவிடுவார்.
அடித்துவிட்டு, 'அந்நாளைய ஒரு கட்சி' என்று போட்டேன்.
கால்வாய் மசோதாவுக்கு நாலு மணி நேரம் பேசினாராம்.
போன புரட்டாசியில் எங்கள் கடைமடைக்காரர்கள்
தண்ணீர் திறக்கச் சொல்லி நாலுவழிச் சாலையில் உட்கார்ந்தார்கள்.
அன்றைக்குப் பேச வந்தவர் நாலு நிமிஷம் பேசினார்.

நாற்பத்தோராம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.
ஒரே ஒரு வாக்கியம்.
கென்டக்கிப் பண்ணைக்காரருக்காக ஆஜராகி,
ஆற்றைத் தாண்டி ஓடிவந்த அடிமைப்பெண்ணை
அவருக்கே மீட்டுத் தந்தார்;
வாதம் சுருக்கம், கண்ணியம்.
பெண்ணுக்குப் பெயர் போடவில்லை.
பண்ணைக்காரரின் குதிரைக்குப் போட்டிருக்கிறது.

ஒன்பது வருஷம் கழித்து
அதே ஊர் மேடையில் அடிமைமுறை பாவம் என்று பேசி
அதிக ஓட்டில் ஜெயித்தார்.
அதற்குப் பதினாறு பக்கம்.

ஓடிவந்தவள் என்பதற்கு எந்தச் சொல்லைப் போடுவது?
ஓடிப்போனவள் என்றால் எங்கள் பக்கம் வேறு அர்த்தம்.
ஓடுகாலி என்றால் இன்னும் மோசம்.
தப்பியவள் என்று போடலாம். ஆனால் தப்பவில்லையே.

பெரியக்காள் ஞாபகத்துக்கு வந்தாள். வராமல் என்ன செய்வாள்.
குவாரியில் பன்னிரண்டாயிரம் அட்வான்ஸ்.
இரண்டு பிள்ளைகளோடு ராத்திரியில் கிளம்பி
நத்தம் வரை நடந்தவள்.
நான் குவாரிக்காரருக்கு வக்கீல்.
சமரச மனுவை நான்தான் எழுதினேன்:
'எதிர்மனுதாரர் மனமுவந்து வேலைக்குத் திரும்பச் சம்மதிக்கிறார்.'
சம்மதிக்கிறார் என்பது மட்டும் போதும், சட்டத்துக்கு.
'மனமுவந்து' நானாகச் சேர்த்தது,
வாக்கியம் நன்றாக இருக்கட்டும் என்று.
அவள் ரேகை வைத்தாள். கல்தூசியில் தேய்ந்த கட்டைவிரல்,
மூன்று தடவை வைத்தும் வெறும் நீலம்தான் விழுந்தது.

போன் அடித்தது.
தாத்தா நல்லா வர்றாரா என்று கேட்டாள், நல்ல தமிழில்.
வந்துக்கிட்டே இருக்கார் என்றேன்.

'மீட்டுத் தந்தார்' என்பதை அடித்தேன்.
'பிடித்துக் கொடுத்தார்.'
மாமியார் கேட்பார், யாரை என்று.
கேட்கட்டும்.

நாற்பத்திரண்டாம் பக்கத்தில்
அந்த வருஷமே செங்கல் வீடு கட்டுகிறார்.
பன்னிரண்டு சன்னல், ஆற்றைப் பார்த்து.
கரண்ட் போய் அரைமணி ஆகிறது.
பெரியக்காள் கேஸ் பீஸில் வாங்கிய இன்வெர்ட்டர்
சன்னமாக முனகுகிறது.
வெளிச்சத்துக்கு ஒரு குறையும் இல்லை.