அரை அங்குலம்

பர்லியாறு சோதனைச் சாவடியில்
தண்ணீர் பாட்டில்களை வாங்கிவைத்துக்கொண்டார்கள்.
பதினோரு பேருக்கும் அதன்பிறகுதான் தாகம்.
கப்பலேறிவிட்ட ஆர்டருக்காக
முதலாளி தந்தது ஒரு ஞாயிறும் ஒரு வேனும்.
டீசல் எங்கள் போனஸில்.

ஒன்பதாம் வளைவில் நவமணி வாந்தியெடுத்தாள்.
பத்தாவதில் எலுமிச்சையை முகர்ந்தபடி
"குளிருதுடி" என்று சிரித்தாள்.

குன்னூர் தாண்டி, தேயிலை நடுவே லார்க்மீட் பங்களா.
ஆளுக்கு நூற்றைம்பது. செருப்பு வெளியே.
"கோயிலா இது?" என்று கேட்ட சகாயமேரி
மெழுகிட்ட மரத்தரையில் கால் வைத்ததும்
குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

சுற்றிக்காட்ட வந்தவர் பெயர் ஆல்துரை.
"இவரும் துரைதானா?" – மறுபடி சகாயமேரி.
கம்பளித் தொப்பிக்குள் அவர் காது சிவந்தது.
இது தேநீர் மேசை. இது மழை அளந்த குழாய்.
இது சுட்ட காட்டெருமை.
சுவரிலிருந்து அது எங்களைப் பார்த்தது.
ஒரு கண் கோலிக்குண்டு.
மறு கண்ணும் கோலிதான், வேறு நிறம்.

சமையலறையில் வரிசையாக ஏழு மணிகள்,
ஒவ்வொன்றின் கீழும் ஓர் அறையின் பெயர்.
கம்பியை அங்கே இழுத்தால் இங்கே ஒலிக்கும்.
இங்கே இழுத்து அங்கே ஒலிக்க
ஒரு கம்பியும் இல்லை.

மாடியில் சிவப்புக் கயிறு. அதற்கப்பால் பித்தளைக் கட்டில்.
கட்டிலில் கைவிரித்துக் கிடந்தது
துரைசானியின் இரவு உடை.
"நூற்றிருபது வருஷம்" என்றார் ஆல்துரை.
"நிலா நாளில் இதைப் போட்டுக்கொண்டுதான்
ரோஜாக்களுக்கு நடுவே உலாவுவாங்க."
எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள், ரோஜா பார்க்க.

எனக்குப் பதினாலு வருஷமாக ஒன்பதாம் மேசை.
துணி என்றால் என் கை என்னைக் கேட்பதில்லை.
கயிற்றைத் தாண்டி நீண்டு
ஓரத்தைப் புரட்டிவிட்டது.

நெசவில்லை, பின்னல். இன்டர்லாக்.
ஐந்து நூல் ஓவர்லாக், அங்குலத்துக்குப் பன்னிரண்டு.
விலாத் தையலில்
லேபிளைக் கத்தரித்த அடிக்கட்டை.
இடது கை அரை அங்குலம் குறைவு.
அதைக் காட்டிக்கொண்டு உள்மடிப்பில் இன்னும் இருந்தது
நான் ஒட்டிய சிவப்பு அம்பு.

போன ஐப்பசி. அறுநூறு உருப்படி.
"உனக்கு மட்டும் எப்படிடா கண்ணுல படுது"
என்று கேட்ட சூப்பர்வைசர் சென்னியப்பன்
ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

புல்வெளியில் உட்காரக் கூடாதாம்.
ஹைட்ராஞ்சியா அருகே கொஞ்சநேரம் நின்றேன்.
அந்த நீலத்தை மூன்று முறை முயன்று
தோற்றிருக்கிறது எங்கள் சாயப்பட்டறை.
வேனுக்குப் பின்னால் புளிசாதம் பிரித்தோம்.
வேலிக்கு அந்தப் பக்கம் தேயிலைக்குள்ளிருந்து
உயிருள்ள காட்டெருமை ஒன்று நிமிர்ந்தது,
எங்களைப் பார்த்தது, மூச்சுவிட்டது.
இரண்டு கண்ணும் ஒரே நிறம்.

ஆல்துரை பீடி பற்றவைத்தபடி பக்கத்தில் வந்தார்.
"பார்த்துட்டீங்க."
"கை குட்டை" என்றேன்.
"நிஜத்தைப் பூச்சி அரிச்சுப்போச்சுங்க. இது
காதர்பேட்டையில எடுத்தது, நூத்திப்பத்து ரூபாய்.
யாராச்சும் கேட்டா, அந்தம்மா கொஞ்சம் குள்ளம்னு சொல்லலாம்னு இருந்தேன்."
"ஒரு கை மட்டுமா?"
புகையை வேறு பக்கம் ஊதினார்.
"இதுவரைக்கும் யாரும் கேட்கலை."
அவருக்குக் கொஞ்சம் புளிசாதம் வைத்துக் கொடுத்தேன்.
வேண்டாமென்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டார்.

இறங்கும்போது பனி.
வளைவுகளைத் தலைகீழாக எண்ணிவந்தார் டிரைவர்.
கட்டைவிரலில் ஏதோ ஒட்டுகிறதே என்று பார்த்தால்
சிவப்பு அம்பு.
எப்போது உரித்தேனோ.
ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன்.
அது மலையைக் காட்டியது, பாறையைக் காட்டியது,
மலை தீர்ந்த இடத்தில் வெறும் வெள்ளையைக் காட்டியது,
வாய் திறந்து தூங்கும் நவமணியின் நிழலைக் காட்டியது.
கல்லாறு வந்தது. ஸ்வெட்டரைக் கழற்றினோம்.
மேட்டுப்பாளையத்துப் புழுக்கத்தில்
பசை இளகி
எங்கேயோ விழுந்துவிட்டது.