வருமதி

பீல் நகரில், மூடிப்போன கடிகாரத் தொழிற்சாலையின்
நிலவறைதான் சங்கத்தின் அலுவலகம்.
கருவிகள் தொங்கிய ஆணிகள் இன்னும் சுவரில்.
ஒன்றில் என் ஈர மேலங்கியை மாட்டினேன்.

மணிக்கு நூற்றிருபது பிராங்க், என்றேன் முதலில்.
எந்த வங்கியும் எனக்குக் கமிஷன் தருவதில்லை.
எந்தக் காப்புறுதியும் நத்தாருக்குப் போத்தல் அனுப்புவதில்லை.
உங்களுக்குப் பிடித்ததைச் சொன்னாலும் பிடிக்காததைச் சொன்னாலும்
கூலி ஒன்றுதான்.
தலைவர் செபநாயகம் தலையாட்டினார்,
விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவரைப் போல.
பொருளாளர் யதுகுலன் தேத்தண்ணி ஊற்றினான்.
ஆறாம் இலக்க பஸ் ஓட்டுகிறவன்,
சீருடையை மாற்ற நேரமில்லாமல் வந்திருந்தான்.

மேசையில், வங்கிக்காரர் விட்டுப்போன மினுங்கல் தாள்.
சனிக்கிழமைப் பள்ளியின் சேமிப்பு, செத்தவீட்டு நிதி,
மண்டபம் வாங்கச் சேர்த்த காசு,
எல்லாவற்றையும் ஒரே கடகத்தில் கொட்டச் சொன்னது.
ஆறு வீதம் என்று பெரிய எழுத்தில்.
ஐந்து வருடம் தொட ஏலாது என்று
எறும்பு எழுத்தில்.
சாவு ஐந்து வருடம் பொறுக்குமா, என்று கேட்டேன்.
செயலாளர் தாட்சாயினி சிரித்து, உடனே வாயைப் பொத்தினார்.
போன மாதம்தான் ஒரு பெட்டி கொழும்புக்குப் போயிருந்தது.

பிறகு ஐந்தொகை.
வருமதி: நாற்பத்தோராயிரத்து முந்நூறு.
யாரிடமிருந்து, எப்போது, என்றேன்.
யாரும் பேசவில்லை.
வராத காசை வரும் என்று எழுதினால்
சங்கம் கடதாசியில்தான் பணக்காரன்.
அறவிட முடியாக் கடன் என்று வெட்டுங்கள்.

யதுகுலன் எழும்பி
இரும்பு அலுமாரியிலிருந்து சிவப்பு மட்டைக் கொப்பியை எடுத்தான்.
“இதுக்கு என்னைவிட வயசு கூட.
பேரைப் பாத்திட்டு வெட்டுங்கோ, அக்கா.”

பார்த்தேன்.
வக்கீலுக்கு, ஐந்நூறு.
பல்லுக்கு, இருநூற்றெண்பது.
தாயின் செத்தவீடு, போக ஏலாது, காசு மட்டும்.
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தபடி
பதினேழாம் பக்கம் வரை வந்தேன்.

ஐயம்பிள்ளை நவநீதன். 1991 மாசி.
ஆயிரத்து எண்ணூறு. விபரம்: பிள்ளையை எடுக்க.
பங்குனி நூறு. சித்திரை நூறு.
அதற்குப் பிறகு கோடுகள் மட்டும்.

கொடுத்தது எழுதியிருந்தது.
அது என்னவாக வந்து சேர்ந்தது என்று எழுத
அந்தக் கொப்பியில் நிரல் இல்லை.
வந்து சேர்ந்தது பென்சிலோடு கதிரையில் இருந்தது,
மணிக்கு நூற்றிருபது பிராங்க்.

இவர்களோடு எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்று
அன்று மாலை ஆறரைக்குக் கையெழுத்து வைத்திருந்தேன்.
அந்தத் தாளைத் திருப்பிக் கேட்டேன்.
இனி நான் சொல்லக்கூடாது, என்றேன்.
சொலத்தூர்னில் ஒரு வித்மர் அம்மா இருக்கிறா, கறார்க்காரி,
கோப்பை அவவுக்கு அனுப்புகிறேன்.
பதினாறாம் பக்கம் வரைக்கும்தான் என் கணக்கு வரும்.
வங்கித் தாளைப் பற்றிச் சொன்னது அதற்கு முன்,
அது செல்லும்.

செபநாயகம் குழம்பிப் போனார்.
“எங்கட பிள்ளை எண்டால் நல்லம்தானே?”
அதுதான் ஐயா பிழை, என்றேன்.
யதுகுலன் ஒன்றும் சொல்லாமல் அழிறப்பரை எடுத்து
என் புள்ளிகளை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினான்.
அழிக்காதே என்று சொல்லவும்
எனக்கு உரிமை இல்லை.

ரயில் நிலையத்தில் மழை விடவில்லை.
லீஸில் இருக்கும் அப்பாவுக்கு அடித்தேன்.
அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது.
“ஆயிரத்து அறுநூறு,” என்றார், நான் தொகை சொல்லும் முன்.
பிறகு, “வெட்டிப்போட்டாங்களோ?”
இல்லை, இன்னும் இருக்கு.
நெடுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.
“அப்ப நாளைக்குப் போறன்.
நீ வரப்படாது, என்ன?”
வரக்கூடாது, அப்பா.
“ஸ்டேஷனிலயிருந்து எத்தினையாம் நம்பர் பஸ்?”
ஆறு, என்றேன்.