ஆறாவது படி

வால்பரைசோவின் குன்றுப் படிகளில்
சாக்கட்டியோடு குந்தியிருக்கிறாள் ஓதிலியா.
ஓரெட்டு, இல்லையேல் ஈரெட்டு:
எத்தனை விதமாய் ஏறலாம் வீட்டுக்கு?

உச்சியில் தொடங்கினால்
ஒவ்வொரு படியும் கீழிரண்டைக் கேட்கும்,
அவை தமக்குக் கீழிரண்டை;
மூன்றாம் படிக்குச் சொன்னதையே சொல்லி வாய் வலிக்கும்.
அடியிலிருந்தே எழுதி வருகிறாள்:
ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு.

ஆறாவது, நிலநடுக்கத்தில் போயிற்று.
நகராட்சி இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.
காற்றில் எழுத முடியாமல்
பக்கச் சுவரில் ஒரு பூஜ்யம்.

ஏழில் எட்டு. எட்டிலும் எட்டு.
ஒன்பது அவள் வாசல்:
ஐம்பத்தைந்து இருந்திருக்கும்,
பதினாறு.

எரிவாயு உருளையோடு வந்த கசிமிரோ
ஐந்தில் நின்றுவிட்டான்.
"சுமையோடு தாவ முடியாது. எனக்கு எத்தனை?"

அவள் சொல்லவில்லை.
சாக்கட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டு
ஏழிலிருந்து குனிந்து
உருளையின் கழுத்தைப் பிடித்தாள்.