கேலன் கணக்கு

எங்கள் ப்யூக்கின் டேஷ்போர்டு பெட்டிக்குள்
ஒரு நோட்டு கிடக்கிறது.
டேங்க் நிரப்பும் ஒவ்வொரு முறையும்
தேதி, மைல், கேலன், வகுத்தால் வருவது.
என் எழுத்து ஒருபக்கம் சாயும்.
மிலோவின் எழுத்தில்
பென்சில் முனை ஒடிகிற அழுத்தம்.
காலிலும் அதே அழுத்தம்தான்.

நிறுத்தப் பலகை எதிரே தெரியும்,
அதுவரை மிதிப்பான்,
அப்புறம் பிரேக் மேல் ஏறி நிற்பான்.
காசு கொடுத்து வாங்கிய பெட்ரோலை
இரும்புச் சூடாக மாற்றி
நெப்ராஸ்கா காற்றுக்குத் தானம் செய்யும் கர்ணன்.
நானோ
ஆற்றில் போட்டாலும் அளந்து போடும் ரகம்.
நெடுஞ்சாலை ஏறியதும்
அறுபதில் க்ரூஸ் பொத்தானை அழுத்திவிட்டு
ஷூவுக்குள் கால்விரல்களை
ஒவ்வொன்றாக நீட்டி மடக்குவேன்.

என் வரிகளில் முப்பது, முப்பத்தொன்று.
அவன் வரிகளில் இருபத்து நான்கு.
இந்த ஆறேழு மைலுக்காக
பதினோரு வருஷம் சண்டை.

"உன் பொத்தானுக்குக் கண் கிடையாது" என்பான்.
கிடையாதுதான்.
மணற்குன்றுப் பக்கம்
சாலை ஏறும், இறங்கும், மறுபடி ஏறும்.
மேடு வருவது அதற்குத் தெரியாது.
வேகம் இரண்டு மைல் குறைந்ததும்
கடன்காரனைக் கண்டதுபோல் பதறி
கியரைக் கீழே தள்ளி
எஞ்சினை அலறவிடும்.
உச்சி கடந்தால் இறக்கம்
சும்மா கிடக்கும்,
அள்ளிக்கொள்ளத் தெரியாது.

ஒரு மார்ச்சில் பந்தயம் கட்டினோம்.
தெட்ஃபோர்டிலிருந்து அலையன்ஸுக்கு
ஒரு சனிக்கிழமை நான், பொத்தானோடு.
அடுத்த சனிக்கிழமை அவன், வெறுங்காலோடு.
நிஜமாகவே பூட்ஸைக் கழற்றிப் பின்சீட்டில் எறிந்தான்.
ஏற்றத்தில் ஐம்பத்திரண்டுக்குத் தளரவிட்டான்,
இறக்கத்தில் அதுவாக ஓடட்டும் என்றான்,
முன்னால் போன மாட்டு டிரக்கைக்கூட
முந்தவில்லை.
எனக்கு அந்த மனிதனை அடையாளம் தெரியவில்லை.
முப்பத்து மூன்று.
நானே எழுதினேன், சாயாத எழுத்தில்.

திரும்பி வரும்போது எதிர்க்காற்று.
புல் எல்லாம் எங்களைப் பார்த்துப் படுத்திருந்தது.
அதே கால், அதே பொறுமை,
இருபத்தொன்று.
அதை யார் கணக்கில் எழுத?
"காற்று" என்று மட்டும் போட்டு வைத்தோம்.

இன்னொரு வரி இருக்கிறது.
ஜனவரி. பதினேழு.
நோட்டிலேயே மட்டமான எண்.
ஹயானிஸுக்கு மேற்கே பள்ளத்தில் இறங்கிவிட்டோம்,
கண்ணாடிக்கு வெளியே வெள்ளை, வேறொன்றுமில்லை.
ஒன்பது மணி நேரம்
ஒரு மைல்கூட நகராமல் எஞ்சின் ஓடியது.
நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கால் டேங்க்.
அதற்கும் கீழே.
அரை மணிக்கொருமுறை மிலோ இறங்கிப்போய்
புகைக்குழாயை மூடும் பனியை
வீல்கப்பால் தோண்டிவிட்டு வந்தான்.
என் பாதங்களைத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.
யாரும் யாரையும்
வீணாக்குகிறாய் என்று சொல்லவில்லை.

அந்த ஒரு எண் மட்டும் யார் எழுதியது என்று
இன்றைக்கும் தெரியவில்லை.
விரல் மரத்தால்
எல்லோர் கையெழுத்தும் ஒன்றுதான்.

இன்று வண்டியை வாங்க
செட்ரனிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள்.
ப்ரயானி என்று பேர். டயரை உதைத்துப் பார்த்தாள்,
பானெட்டைத் திறந்து மூடினாள்,
"கேலனுக்கு எவ்வளவு கொடுக்கும்?"

ஓட்டுகிற காலைப் பொறுத்தது,
மேட்டைப் பொறுத்தது,
காற்று எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது என்று
நான் வாயைத் திறப்பதற்குள்
கராஜுக்குள்ளிருந்து மிலோ கத்துகிறான்,
"முப்பத்தொன்று!"

அது என் எண்.