மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில்

வெள்ளவத்தையில், ரயில் பாதைக்கு
ஒரு மதில் தள்ளி என் ஸ்டூடியோ.
ஜன்னலுக்கு இரண்டு மெத்தை அடித்திருக்கிறேன்.
அப்படியும் ரயில் வந்தால் நிறுத்தத்தான் வேண்டும்.
எமில்டா சவரிமுத்து கண்ணை மூடிக் காத்திருப்பா,
தன் வசனத்துக்கு முன்னால்
வேறொருவர் பேசி முடிக்கட்டும் என்பதுபோல.

கொட்டாஞ்சேனைக்காரி.
ஒன்பது வயதில் பாஸ்கா நாடகத்தில் முதல் வேலை:
திரைக்குப் பின்னால் நின்று சேவலாகக் கூவுவது.
அந்த வருடத்துப் பேதுரு
இரண்டு தடவை மறுதலித்துவிட்டு வசனத்தை மறந்து நிற்க,
இவ கூவவில்லை.
சாமியார் கண்ணைக் காட்டினாராம், கையைக் காட்டினாராம்.
"மூன்று ஆகவில்லையே ஃபாதர்."

பிறகு கதிரேசன் மண்டபத்தில் ராணி,
இரவல் செருப்பு, ஒரு சைஸ் பெரிது.
வானொலியில் கிழவி, கைக்குழந்தை, பேய்,
ஒரு சவர்க்காரம்.
சீனக் கார்ட்டூனில் ஆறு வருடம் பன்றிக்குட்டி.
"மேடை எனக்கு பஸ் காசு தரும்,
தொண்டைதான் வாடகை கட்டும்" என்பா.
சோதனைச்சாவடிக் காலத்தில்
பஸ்ஸில் வாயே திறக்கமாட்டா.
வீட்டுக்கு வீடு தெரிந்த குரலை
அடையாள அட்டையோடு கைப்பைக்குள் வைத்திருந்தா.

போன வருடம் ஒரு புதுக் கட்டடம்.
லிஃப்டுக்கு மூன்று மொழி; தமிழுக்கு எமில்டா.
கதவு திறக்கிறது. கதவு மூடுகிறது.
முதலாம் மாடி.
இரண்டாம் மாடி.
மூன்றாம் மாடி.

ரயில் எதுவும் வரவில்லை. ஆனாலும் நின்றா.

கொழும்பில், தமிழில்,
அடுத்த இரண்டு சொல்லையும் சேர்த்துச் சொன்னால்
அது எந்த லிஃப்டும் போகிற இடமில்லை.
ஏழு மாதம் அந்த வாசலுக்கு
தம்பியின் உடுப்பைத் தோய்த்து மடித்துக்
கொண்டுபோனவ என்று கேள்வி.
நான் கேட்டதில்லை.

ராணியின் குரலில் முயன்றா.
பன்றிக்குட்டியின் குரலில்கூட.
எண் வந்தது. மாடி வரவில்லை.
"நாலுக்கு வேறே பேர் இல்லையா?" என்றா என்னிடம்.
தண்ணீர் குடித்தா.
ஐந்து தொடக்கம் பன்னிரண்டு வரை ஒரே இழுப்பில் சொல்லி முடித்து
குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டா.

இரவு நான்தான் ஒட்டினேன்.
பழைய நாடகப் பதிவொன்றில் அவ அறிவிக்கிற
"நான்காம் காட்சி"யிலிருந்து முன்பாதி.
மூன்றாம் மாடியிலிருந்து மாடி.
நடுவில் அரை மூச்சு;
எவ்வளவு நெருக்கியும் போகவில்லை.
தெளிவாக இருக்கிறது என்றார்கள் கட்டடக்காரர்.
பணம் வந்தது.
பன்னிரண்டால் பிரித்து
ஒரு பங்கை உறையில் போட்டு
எனக்கே திருப்பி அனுப்பினா.

இந்தச் செவ்வாய் அவவுக்குப் பல்வலி.
டாக்டர் அதே கட்டடத்தில், அதே மாடியில்.
துணைக்குப் போனேன்.
லிஃப்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.
அவ ஐந்தை அமுக்கினா.
இறங்கி, கன்னத்தைப் பொத்தியபடி,
படிவழியே ஒரு மாடி கீழே நடந்தா.
ஒன்றும் பேசவில்லை.
பல்வலிதானே.